‘வேதம்’ என்னும் சொல்லும் திருச்சபை அதிகாரமும்: வீரமாமுனிவரின் கண்டன உரைநடை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வீரமாமுனிவர் (1680–1747) தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து எழுதிய வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்கள் தமிழ் இலக்கிய வரலாறுகளில் பெயரளவில் சுட்டப்படுவதோடு நின்றுவிடுகின்றன. அந்நூல்கள் எழுந்த விவாதத்தின் மையம் திருச்சபையின் அதிகாரம் பற்றிய வினா என்பதையும், அவ்வினா தமிழில் ‘வேதம்’ என்னும் ஒரு சொல்லின் பொருள் வரம்பைச் சார்ந்து இயங்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கத்தோலிக்கத் தரப்பின் வாதம் எங்கு வலிமை பெறுகிறது, எங்கு தளர்கிறது என்பதும் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வீரமாமுனிவர், தரங்கம்பாடி, சீகன்பால்கு, கண்டன இலக்கியம், திருச்சபை அதிகாரம், விவிலிய மொழிபெயர்ப்பு, பாரம்பரியம்.

முன்னுரை

வீரமாமுனிவரைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை ஆகியவற்றைச் சூழ்ந்தே அமைந்துள்ளன. காப்பியப் புலவர், அகராதிக் கலையின் முன்னோடி, எழுத்துச் சீர்திருத்தம் செய்தவர், உரைநடை வளர்த்தவர் என்னும் நான்கு நிலைகளில் அவர் போற்றப்படுகிறார். அவர் எழுதிய சமய விவாத நூல்களோ, ஒரு பெரும்புலவரின் வாழ்வில் நேர்ந்த சிறு பூசலின் எச்சங்களாகவே கருதப்படுகின்றன. சமய நல்லிணக்கத்தை விழையும் இக்கால வாசகருக்கு அவற்றின் கடுஞ்சொற்கள் ஒவ்வாமை தருவதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

இந்த ஒதுக்கீட்டால் ஆய்வுலகுக்கு நேரும் இழப்பு சிறியதன்று. தமிழ் உரைநடை, எதிர்த்தரப்பின் கூற்றை எடுத்துரைத்து, பகுத்து, சான்று காட்டி மறுக்கும் கருவியாக வளர்ந்த இடங்களுள் இவ்விவாதமும் ஒன்று. மேலும், ஒரு நூலின் பொருளை அறுதியிடும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா இங்கு வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. உரையாசிரியர் மரபில் ஊறிய தமிழ்ப் புலமைக்கு இவ்வினா அந்நியமானது அன்று.

விவாதத்தின் களம்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் டேனிய அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அதற்கு நான்கு ஆண்டுகளின் பின் 1710இல் கோவாவை அடைந்த வீரமாமுனிவர், 1711 முதல் இயேசு சபையின் மதுரை மிஷனில் பணியாற்றினார். பின்னர் ஏலாக்குறிச்சி அவருடைய பணியின் மையமாயிற்று. கொள்ளிடக் கரையை ஒட்டிய அப்பகுதியும் தஞ்சை நாடும் தரங்கம்பாடியும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. ஆகவே இரு சபையாரின் மோதல் ஊர்களிலும் குடும்பங்களிலும் நிகழ்ந்தது.

லுத்தரன் சபையாரிடம் அச்சகம் இருந்தது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1714–15இல் வெளிவந்தது. அவர் 1719இல் மறைந்த பின், பெஞ்சமின் சூல்ட்சே பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1728இல் நிறைவுறச் செய்தார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுத் தமிழ் அச்சுக்கு வழிகோலிய கத்தோலிக்கத் தரப்போ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் அச்சகம் ஏதுமின்றி ஓலைச்சுவடிகளையே நம்பியிருந்தது. வீரமாமுனிவரின் கண்டன நூல்களும் சுவடிகளாகவே வழங்கி, 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின.

அச்சிட்ட நூல் என்ன செய்யக்கூடும் என்பதற்குத் தஞ்சை இராஜநாயக்கன் சான்றாகிறார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய அவர், அச்சிட்ட புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்து, பின்னர் அச்சபையின் உபதேசியாராகவும் விளங்கினார். கத்தோலிக்கத் தரப்புக்கு அவர் ஒரு தனியாள் மட்டுமல்லர்; குருவின் துணையின்றி நூலை மட்டும் வாசித்து ஒருவர் சபை மாற இயலும் என்பதன் மெய்ப்பிப்பும் ஆவார். வேத விளக்கம் 1728இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுவதை இந்தப் பின்னணியில் வைத்துக் காணவேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் வேதியர்களின் நடைமுறைக்கென வேதியர் ஒழுக்கம் எழுதப்பட்டது. ஊர் ஊராகச் சென்று மக்களுக்குப் போதித்த வேதியர்களின் கையில் ஆயத்தமான மறுமொழிகள் இருக்கவேண்டியது அப்போது உடனடித் தேவையாயிற்று.

‘வேதம்’: நூலா, நெறியா?

இவ்விவாதத்தின் திறவுகோல் தலைப்பிலேயே உள்ளது. வேத விளக்கம் என்னும் தொடரை இன்றைய வாசகர் ‘விவிலிய விளக்கம்’ எனக் கொள்ளக்கூடும். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் தமிழில் வேதம் என்னும் சொல் முதன்மையாகச் சமய நெறியைக் குறித்தது. சத்திய வேதம் என்பது மெய்யான சமயம். வேதத்தில் சேர்தல் என்பது திருமுழுக்குப் பெற்றுச் சபையில் இணைதல். வேதசாட்சி என்பவர் சமயத்திற்காக உயிர் ஈந்தவர். வேதியர் என்பவர் அந்நெறியைப் போதிப்பவர். இவ்வாட்சிகள் எதிலும் புத்தகம் முதன்மை பெறவில்லை. வேதம் என்பது கேட்டும் நடந்தும் கைமாற்றியும் வாழப்படும் ஒன்றாகவே நிற்கிறது.

தரங்கம்பாடி மரபில் இச்சொல்லின் அழுத்தம் வேறிடத்துக்கு நகர்ந்தது. வேதபுத்தகம், வேதாகமம், வேதவாக்கியம் என்னும் ஆட்சிகளில் வேதம் எழுதப்பட்ட நூலைச் சென்று சேர்கிறது. லுத்தரன் சபையாரும் வேதத்தைச் சமயம் என்னும் பொருளில் வழங்கினர் என்பது உண்மையே. எனவே இதனை அகராதிப் பிரிவாகக் கொள்வதைவிட அழுத்த வேறுபாடாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் அவ்வழுத்த வேறுபாடு ஓர் இறையியல் பிளவை அப்படியே தாங்கி நிற்கிறது. 1546ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம், மீட்புக்குரிய உண்மை எழுதப்பட்ட நூல்களிலும் எழுதப்படாத பாரம்பரியங்களிலும் அடங்கியுள்ளது என்று வரையறுத்தது. அதற்கு மாறாக, கோட்பாட்டை அறுதியிடும் இறுதி அளவுகோல் மறைநூல் ஒன்றே என்பது லுத்தரன் நிலைப்பாடு.

வடமொழி மரபில் வேதம் சுருதி, அதாவது கேட்கப்படுவது. தமிழ் வழக்கில் அது எழுதாத மறை. திரெந்து சங்கம் வலியுறுத்திய எழுதப்படாத பாரம்பரியம் என்னும் கருத்து, தமிழ்ச் சூழலில் வேதம் என்னும் சொல்லுக்குள் முன்னரே ஓரளவு இடம்பெற்றிருந்தது எனலாம். ஐரோப்பாவில் கத்தோலிக்க விவாதிகள் நெடிது வாதாடி நிறுவவேண்டியிருந்த ஒன்றைத் தமிழ்ச் சொல்லாட்சி இங்கு பாதியேனும் நிறுவித் தந்தது. வேதத்தை விளக்குதல் என்றால் சபையின் நம்பிக்கை, வழிபாடு, ஒழுக்கம் அனைத்தையும் விளக்குதல் என்று தமிழ் வாசகர் எளிதில் ஏற்றிருப்பர்.

பிரமாணச் சிக்கல்

தமிழில் சமய மறுப்புக்கு நீண்ட மரபு உண்டு. மணிமேகலையின் சமயக் கணக்கர் உரைகள், நீலகேசி, சிவஞான சித்தியாரின் பரபக்கம் ஆகியவை அம்மரபின் நிலைகள். சைவ சித்தாந்திகள் பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகைப்படுத்தினர். அகத்தோடு நெருங்கிய சமயத்தை மறுப்பது எளிதன்று. அங்கு நூலும் தெய்வமும் பொதுவாக இருக்க, பொருள்கோள் மட்டும் வேறுபடும். உமாபதி சிவாசாரியார் 1313இல் சங்கற்ப நிராகரணத்தில் மேற்கொண்டது இத்தகைய நெருங்கிய மறுப்பே.

இராபர்ட் தெ நொபிலி தூஷண திக்காரத்தில் எதிர்கொண்ட வாதிகள் விவிலியத்தைப் பிரமாணமாக ஏற்காதவர்கள். ஆகவே அவர் பெரிதும் தர்க்கத்தை நம்பினார். வீரமாமுனிவரின் எதிர்த்தரப்போ அதே விவிலியத்தை, அதே கிறிஸ்துவை, அதே திருமுழுக்கை ஏற்றவர்கள். சைவப் பகுப்பை இங்கு பொருத்தினால் அவர்கள் அகப்புறத்தார். ‘பேதகம்’ என்னும் சொல்லும் இதனையே உணர்த்துகிறது. அது வெளியிலிருந்து வந்த பகையைச் சுட்டாமல், ஒன்றாயிருந்தது பிளந்ததைச் சுட்டுகிறது. கத்தோலிக்கத் தமிழ் இவர்களைப் ‘பதிதர்’ என்றழைத்ததும் உள்ளிருந்து வீழ்ந்தவர் என்னும் பொருளிலேயே.

பொதுப் பிரமாணம் இருக்கும் இடத்தில் விவாதம் அப்பிரமாணத்தை யார் காத்து விளக்குகிறார் என்னும் வினாவுக்கு நகரும். கத்தோலிக்க விவாத மரபு இவ்வினாவுக்கு விரிவான விடை வைத்திருந்தது. இராபர்ட் பெல்லார்மின் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட விவாதத் தொகுப்பு இயேசு சபையாரின் கல்வியில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. அம்மரபின் வாதம் சுருக்கமாக இவ்வாறு அமையும்: மறைநூல்கள் எவையென்னும் பட்டியல் மறைநூலில் இல்லை, அதனை அறுதியிட்டது திருச்சபை, எனவே நூலை ஏற்பவர் அதனைத் தந்த சபையின் சாட்சியத்தையும் ஏற்றவராகிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரமும், தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரமும் இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் மேற்கோளிடங்கள்.

தமிழ் அளவை நூல்களின் சொல்லில் கூறுவதாயின், ஆகமப் பிரமாணம் ஆப்தனின் வாக்கைச் சார்ந்தது. சொல்லின் நம்பகம் சொல்பவரின் நம்பகத்தைப் பொறுத்தது. இந்நிலையில் பதினேழு நூற்றாண்டுத் தொடர்ச்சியுடைய சபையின் வாக்கையும் 1517இல் தொடங்கிய கிளர்ச்சியின் வாக்கையும் ஒப்பிட்டுக் காட்டும் வாதம் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே விளங்கும். லுத்தேரினத்தியல்பு என்னும் தலைப்பும் கோட்பாட்டைவிட அதனைக் கூறியவரின் இனத்தையும் இயல்பையும் முன்னிறுத்துவது இதனாலேயே.

எனினும் இவ்வாதத்தில் ஒரு சுழற்சி உண்டு. சபையின் அதிகாரத்தை நூலின் மேற்கோளால் நிறுவி, நூலின் அதிகாரத்தைச் சபையின் சாட்சியத்தால் நிறுவினால் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும். கத்தோலிக்க விவாதிகள் சபையின் தொன்மை, ஒருமை, புனிதர்களின் வாழ்வு, அற்புதங்கள் ஆகிய வரலாற்று அடையாளங்களைக் கொண்டு இச்சுழற்சியை முறிக்க முயன்றனர். அவ்வடையாளங்களில் ஆளியல்புத் தாக்குதல் எளிதில் நுழைந்துவிடுகிறது. லுத்தரின் குறைகளைப் பட்டியலிடுவதால் அவருடைய பொருள்கோள் பிழையென்று நிறுவப்படுவதில்லை. அதே அளவுகோலைத் திருத்தந்தையர் சிலரின் வாழ்வுக்கும் எதிர்த்தரப்பார் பொருத்தக்கூடும். கண்டன நூல்களின் மிகத் தளர்ந்த பகுதி இதுவே.

மொழியின் அதிகாரம்

வேத விளக்கம் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் நடையைக் கடுமையாக எள்ளி நகையாடியது ஆய்வாளர் பலரும் சுட்டும் செய்தி. இதனைப் புலமைச் செருக்கின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. மறைநூலைத் தனியொருவர் மொழிபெயர்த்து எவர் கையிலும் கொடுக்கும் செயலே சபை அதிகாரத்தை மீறுவதாகக் கருதப்பட்டது. மொழிபெயர்ப்பு ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பொருள்கோளாக அமைவதால், மொழி அறியாதவரின் மொழிபெயர்ப்பு பொருள் அறியாதவரின் போதனையாகிவிடும் என்பதே அவ்விமர்சனத்தின் உட்கிடை. லுத்தர் உரோமையர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ‘மட்டும்’ என்னும் சொல்லைச் சேர்த்து மொழிபெயர்த்தமை ஐரோப்பிய விவாதத்தில் நெடிது பேசப்பட்டதும் இக்காரணத்தாலேயே.

இங்கு ஒரு தெளிவு தேவை. வீரமாமுனிவர் கொச்சைத் தமிழை அறவே வெறுத்தவர் அல்லர். செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வகுத்தவர் அவர். கண்டன நூல்களையும் அவர் செய்யுளில் யாத்தாரில்லை. வேதியர்கள் எடுத்துரைக்கத்தக்க உரைநடையிலேயே எழுதினார். ஆகவே மொழிபெயர்ப்பின் எளிமை குறையாகாது. மறைநூலுக்குரிய மதிப்பைத் தாங்காத நடைச் சிதைவே அவர் கண்ட குறை என்று கொள்ளலாம்.

ஆயின் இவ்விமர்சனம் இரு இடங்களில் தன் எல்லையைச் சந்திக்கிறது. முதலாவது, சீகன்பால்குவின் கிறிஸ்தவத் தமிழ் பெருமளவு கத்தோலிக்கரிடமிருந்து பெறப்பட்டது. 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் கத்தோலிக்கச் சுவடிகளும் இடம்பெறுகின்றன. சர்வேசுரன் முதலான கலைச்சொற்களை அவர் முன்னோரின் நூல்களிலிருந்தே எடுத்தாண்டார். பராபரன், தேவன் என்னும் ஆட்சிகள் புரொட்டஸ்தாந்து விவிலியங்களில் நிலைபெற்றது பிற்காலத்தில்தான். அதாவது, மறைநூல் ஒன்றே போதும் என்றவர்கள் அதனைத் தமிழில் தருவதற்குப் பாரம்பரியத்தின் சொற்களைக் கடன்பெற நேர்ந்தது. கத்தோலிக்கத் தரப்பின் வாதத்திற்கு இதனைவிட வலிய சான்று இருக்க முடியாது. நடையைப் பழிக்கும் வேகத்தில் சொற்கடனை முதன்மைச் சான்றாக்கும் வாய்ப்பு நழுவிற்று.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு தவறெனில் சரியான மொழிபெயர்ப்பு எங்கே என்னும் வினாவுக்குக் கத்தோலிக்கத் தரப்பில் அன்று விடை இல்லை. கத்தோலிக்கர் தமக்கெனத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தேம்பாவணி போன்ற பெருங்காப்பியத்தைப் பாடவல்ல புலவர் விவிலியத்தை மொழிபெயர்க்கவில்லை என்பது திறனின்மையால் நேர்ந்ததாகாது. மறைநூலின் கதையைக் காப்பியமாகவும் அதன் போதனையை உரைநடையாகவும் தரலாம். நூலை அப்படியே எவர் கையிலும் தரவேண்டியதில்லை என்னும் நிலைப்பாட்டின் விளைவு அது. இராஜநாயக்கன் போன்றோர் தேடியது அந்நூலையே ஆதலின், அவர்களுக்கு இந்நிலைப்பாடு மறுமொழி ஆகவில்லை.

அதிகாரத்தின் உள்முரண்

திருச்சபையின் அதிகாரத்தைத் தரங்கம்பாடிக்கு எதிராக நிறுவிய அதே காலத்தில், மதுரை மிஷன் அவ்வதிகாரத்தின் விசாரணைக்கு உட்பட்டிருந்தது. நொபிலி காலந்தொட்டு மேற்கொள்ளப்பட்ட தமிழ் வழக்கங்கள் சிலவற்றைத் திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704இல் புதுச்சேரியில் விடுத்த ஆணையால் தடுத்தார். பன்னிரண்டாம் கிளமெண்ட் 1734இல் அத்தடையை உறுதிப்படுத்தினார். பதினான்காம் பெனடிக்ட் 1744இல் இறுதி முடிவை வெளியிட்டார். புதுச்சேரியில் கப்புச்சின் துறவியருக்கும் இயேசு சபையாருக்கும் இடையே நிலவிய பூசலும் இதனோடு பிணைந்தது.

ஒருமையைச் சபையின் அடையாளமாகக் காட்டியவர்கள் தமக்குள் ஒருமித்திருக்கவில்லை என்று இதனைக் கொண்டு எளிதாக முடிவு கூறிவிடலாம். ஆனால் வேறொரு வகையிலும் இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு. தம் பணிமுறைக்கு எதிராகத் தீர்ப்பளித்த அதிகாரத்தையே மெய்யான அதிகாரம் என எழுதியவர்களுக்கு அவ்வாதம் வெறும் சொற்போர் ஆயுதமாக இருந்திருக்க முடியாது. தமக்குப் பாதகமாக அமையும்போதும் ஏற்கவேண்டியதே அதிகாரம் எனப்படும். மலபார் சடங்குச் சிக்கலையும் கண்டன நூல்களையும் தனித்தனியே ஆராயும் போக்கு இத்தொடர்பை மறைத்துவிடுகிறது.

பிற்கால வளர்ச்சி

இவ்விவாதத்தின் வாதங்கள் பிற்காலத்தில் எதிரெதிர்த் தரப்புகளில் இடம்மாறிக் காணப்படுவது கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரேனியஸ் தமிழ் விவிலியத்தைத் திருத்த முற்பட்டபோது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அதனை வன்மையாக எதிர்த்தார். பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு சபையாரின் வழிபாட்டிலும் நினைவிலும் ஊன்றிவிட்டது. அதனை மாற்றும் உரிமை புதிதாக வந்தவருக்கு இல்லை என்பது அவ்வெதிர்ப்பின் சாரம். மறைநூலை மட்டும் அளவுகோலாகக் கொண்ட சபைக்குள்ளேயே, அந்நூலின் தமிழ் வடிவைக் காக்கப் பாரம்பரியம் பிரமாணமாக எழுந்தது. வீரமாமுனிவரின் தரப்பு முன்வைத்த அடிப்படைக் கருத்து, ஒரு நூற்றாண்டுக்குள் எதிர்த்தரப்பின் வாழ்வனுபவமாக ஆயிற்று.

மறுபுறம், விசுவாசிகள் தம் மொழியில் மறைநூலை வாசிக்கவேண்டும் என்னும் தரங்கம்பாடியின் கோரிக்கை கத்தோலிக்கச் சபையிலும் நிலைபெற்றது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூல் அனைவருக்கும் எளிதில் கிடைக்கவேண்டும் என வலியுறுத்தியதோடு, பிரிந்த சபையாருடன் இணைந்து மொழிபெயர்க்கவும் இடமளித்தது. 1995இல் இரு தரப்பாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

விவாதம் நடந்த காலத்திலேயே இரு தரப்பையும் இணைத்த ஒரு செய்தியையும் இங்கு சேர்த்து எண்ணலாம். இலத்தீனில் வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சாயிற்று. கோட்பாட்டில் மறுத்தவரின் மொழிப்புலமையை லுத்தரன் சபையார் ஏற்றுக்கொண்டனர். நடையைப் பழித்தவரின் இலக்கணம், பழிக்கப்பட்டவர்களின் அச்சில் பாடநூலாயிற்று.

முடிவுரை

வீரமாமுனிவரின் கண்டன நூல்கள் எழுந்த விவாதத்தை ஆராய்ந்த அளவில் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, திருச்சபை அதிகாரம் பற்றிய ஐரோப்பிய விவாதம் தமிழுக்கு வந்தபோது ‘வேதம்’ என்னும் சொல்லின் பொருள் விரிவு கத்தோலிக்கத் தரப்புக்குத் துணைநின்றது. இரண்டாவது, அத்தரப்பின் வலிமை நூலுக்கும் அதனை ஏந்திவரும் சமூகத்துக்கும் உள்ள பிணைப்பைச் சுட்டியதில் உள்ளது. அதன் தளர்ச்சி ஆளியல்புத் தாக்குதலிலும், மாற்று மொழிபெயர்ப்பைத் தர முன்வராமையிலும் உள்ளது. மூன்றாவது, பிற்கால வரலாறு எந்த ஒரு தரப்புக்கும் முழு வெற்றியை வழங்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் மற்றதன் வாதத்தில் ஒரு பகுதியைத் தன் நடைமுறையாக ஏற்றுக்கொண்டது.

இந்நூல்களைச் செம்பதிப்பாக வெளியிடுவதும், 18ஆம் நூற்றாண்டுச் சைவக் கண்டன நூல்களோடு அவற்றின் வாத முறையை ஒப்பிடுவதும் அடுத்து நிகழவேண்டிய பணிகள். சுவடியாக வழங்கி, வேதியர்களின் வாய்மொழியில் ஊர்தோறும் சென்ற உரைநடை எத்தகைய வாக்கிய அமைப்பைப் பெற்றது என்பதைத் தனியே ஆராய்ந்தால், தமிழ் உரைநடையின் வளர்ச்சியை அச்சுக்கலையோடு மட்டும் பிணைத்து எழுதும் வரலாற்று முறையும் திருத்தம் பெறக்கூடும்.